காபிக் கடை வாடிக்கையாளரின் பற்றும் மனக்குறையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

முன்னுரை

கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவந்திபுரம் எங்கள் ஊர். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய தேவநாத சுவாமி கோயிலையும், அருகே ஔடதகிரி என்னும் சிறு மலைமீதுள்ள ஹயக்கிரீவர் சந்நிதியையும் நம் கல்லூரியில் அறியாதார் இல்லை. தேர்வு நெருங்கினால் பேனாவோடு மலையேறி வருகிற நண்பர்களை நான் அடிவாரத்திலேயே சந்திப்பதுண்டு. முகூர்த்த நாள்களில் அங்கே திருமணத்தின் மேல் திருமணமாக நடக்கும். பொழுது விடியும் முன்பே வேன்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது சுவாமியையா, காபியையா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கும்!

அந்த அடிவாரத்தில் என் தந்தையார் ஒரு சிறிய டீக்கடை நடத்தி வருகிறார். கல்லூரி விடுமுறை நாள்களில் தம்ளர் கழுவுவதும் சில்லறை கொடுப்பதும் என் வேலை. ஒரு நாள் ஒரு பெரியவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா இது, கழுநீர் மாதிரி இருக்கு" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் வேறு காபி போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "சத்தம் போடறவரு நாளைக்கும் வருவாரு. பாதியைக் குடிச்சிட்டு, காசை வெச்சிட்டுப் பேசாம போறாரு பாரு, அவருதான் வரமாட்டாரு."

ஒரு கடையின்மீது வாடிக்கையாளர் கொள்ளும் பற்றும், அதே கடையின்மீது அவருக்கு எழும் மனக்குறையும் ஒன்றுக்கொன்று பகை என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். அவை இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்றுதான் எனக்குத் தோன்றியது. நாட்டின் பல ஊர்களிலும் கிளை பரப்பிய இந்தியன் காபி ஹவுஸ் வரலாற்றைக் கொண்டு இவ்வெண்ணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காபிக் கடைக்குள் நுழைந்தவர் யார்?

காபி நம் நாட்டுக்குப் பழையது. ஆனால் தமிழர் வீட்டுக்குப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே அது தமிழ் நடுத்தர வகுப்பாரின் இல்லங்களில் நிலைபெற்றது. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வீட்டுக்குள் வந்த காபி கடைக்கும் வந்தது. ஆனால் கடைக்கு வந்தோர் அனைவரும் ஒன்றாக அமர முடியவில்லை. உணவு விடுதிகளின் பெயர்ப் பலகையிலேயே சாதிப் பெயர் எழுதப்பட்டிருந்த காலம் அது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற விடுதியின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரித் தந்தை பெரியார் தலைமையில் மறியல் தொடங்கிப் பல மாதங்கள் நடைபெற்றது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்தது. என் தாத்தா கடைப் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததே இல்லை. வாசலில் நின்றுதான் குடித்தார் என்று என் பாட்டி கூறக் கேட்டிருக்கிறேன்.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் என்ற சொல்லுக்குள் உரிமை என்னும் பொருளும் அடங்கியிருக்கிறது. உட்காரும் உரிமை இல்லாதவருக்குக் குறை சொல்லும் உரிமை எங்கிருந்து வரும்? இக்கேள்வியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இந்தியன் காபி ஹவுஸ் தோன்றிய வரலாறு

நம் தோட்டங்களில் விளைந்த காபிக்கு உள்நாட்டிலேயே குடிப்போரைச் சேர்க்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1936இல் பம்பாயில் முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. ஏற்றுமதியாக வேண்டிய காபி தேங்கியது. 1942ஆம் ஆண்டின் காபிச் சட்டத்தின்படி காபி வாரியம் அமைந்து, விளைச்சலை விற்கும் பொறுப்பையும் உள்நாட்டில் காபியைப் பரப்பும் பொறுப்பையும் ஏற்றது. 1940களில் நாடெங்கும் இத்தகைய காபி ஹவுஸ்கள் ஏறத்தாழ 50 இயங்கின. ஆக, மக்கள் கேட்டுக் கடை வரவில்லை. கடை வந்து மக்களைக் குடிக்கப் பழக்கியது எனலாம்.

1950களின் இடையில் காபி வாரியம் இக்கடைகளை மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலையிழந்து தெருவில் நிற்கும் நிலை ஏற்பட்டது. அப்போது பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்கள் ஒரு வழி காட்டினார். வேலை கேட்டுப் போராடுவதோடு நில்லாமல், கடைகளையே தொழிலாளர்கள் ஏற்று நடத்த வேண்டும் என்பதே அவ்வழி. 1957 ஆகஸ்டு 19 அன்று பெங்களூரில் முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று புதுதில்லியில் கூட்டுறவின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சில் கேரளத்தின் திருச்சூரில் ஒன்று தொடங்கியது. பிறகு பல மாநிலங்களில் தனித்தனிச் சங்கங்களாக இவ்வமைப்பு வளர்ந்து ஏறத்தாழ 400 கடைகளைக் கண்டது.

திருவல்லிக்கேணியில் ஒரு பெயர்ப் பலகைக்காக மறியல் நடந்த அதே 1957இல், தலைப்பாகை கட்டிப் பரிமாறியவர்கள் கடைக்கே உரிமையாளர்களானார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நமக்கு அருகில் புதுச்சேரியிலும் இந்தியன் காபி ஹவுஸ் உண்டு. 2001இல் யான் மார்ட்டல் எழுதி உலகப் புகழ் பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலின் ஆசிரியர் குறிப்பில், கதை தொடங்கும் இடமே புதுச்சேரி நேரு வீதியிலுள்ள இந்தியன் காபி ஹவுஸ்தான். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டும் ஒரு கடை உலக இலக்கியத்தில் இடம்பெற்றது நமக்கும் பெருமையன்றோ!

பற்றுக்குச் சான்றுகள்

வாடிக்கையாளரின் பற்று எத்தகையது என்பதற்கு மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதலாவது கல்கத்தா. அங்குள்ள கல்லூரித் தெருவில் 1876இல் தோன்றிய ஆல்பர்ட் ஹாலில் 1942இல் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. எதிரே மாநிலக் கல்லூரி, பக்கத்தில் பல்கலைக்கழகம். மாணவரும் ஆசிரியரும் எழுத்தாளரும் மணிக்கணக்கில் அமர்ந்து பேசும் இடமாக அது ஆயிற்று. 1958இல் அதை மூட முடிவெடுத்தபோது, கல்லூரி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். அதே ஆண்டில் கடை மீண்டும் திறந்தது. பின்னர் 1983இல் மன்னா டே அவர்கள் அந்தக் காபி ஹவுஸைப் பற்றி வங்காளத்தில் பாடிய பாடல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. ஒரு காபிக் கடைக்காகப் பேராசிரியர்கள் விண்ணப்பம் எழுதினார்கள் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர்கள் காப்பாற்றியது காபியை மட்டுமன்று. பேசுவதற்கு ஓர் இடத்தை.

இரண்டாவது தில்லி. கன்னாட் பிளேஸ் பகுதியில் இருந்த காபி ஹவுஸ் அரசியல் பேச்சுக்குப் பேர்போனது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அது இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தில் கடை மறுபடி அமைந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் அங்கே தேடிச் சென்றார்கள்.

மூன்றாவது பெங்களூர். மகாத்மா காந்தி சாலையில் 1959 முதல் நடந்துவந்த காபி ஹவுஸ், கட்டடத் தகராறு காரணமாக 2009 ஏப்ரலில் இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. கடைசி நாள்களில் பழைய வாடிக்கையாளர்கள் திரண்டு வந்து விடைபெற்றனர். பிறகு சர்ச் தெருவில் கடை திறந்ததும் அங்கே போகத் தொடங்கினர்.

மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒன்று பொதுவாக இருப்பதைக் காணலாம். தில்லியிலும் பெங்களூரிலும் கடை இடம் மாறியது. மேசை நாற்காலி மாறியது. வாடிக்கையாளர் மாறவில்லை.

மனக்குறைக்குச் சான்றுகள்

இவ்வளவு பற்றுடையவர்கள் குறையே சொல்லாதவர்களா என்றால், இல்லை. காபி ஹவுஸைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அன்போடு அதன் குறைகளையும் எழுதியிருக்கிறார்கள். சப்ளையர் எளிதில் திரும்பிப் பார்க்கமாட்டார், நாற்காலி ஆடும், சுவருக்கு வண்ணம் பூசி நாளாயிற்று, உணவுப் பட்டியல் மாறுவதே இல்லை, இவையே அக்குறைகள்.

கேரளத்து இந்தியன் காபி ஹவுஸ் மசால் தோசையை எடுத்துக்கொள்வோம். அதன் மசாலாவில் பீட்ரூட் கலந்திருக்கும். உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். நம் ஊர் மசால் தோசைக்குப் பழகியவர் முதன்முதலாக அதைப் பிரித்துப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் அங்கே பழகியவர், பீட்ரூட் இல்லாவிட்டால்தான் முகம் சுளிப்பார்! ஒருவரின் மனக்குறையே மற்றொருவரின் பற்றுக்குக் காரணமாகிறது. ஆகவே 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று பொதுவாகப் பேசுவது போதாது. எந்த வாடிக்கையாளர் என்றும் கேட்க வேண்டும்.

விலை உயர்வு மற்றொரு பெருங்குறை. 1960களில் தில்லியில் காபி விலை ஏறியபோது, காபிப் பிரியர்கள் முணுமுணுத்ததோடு நிற்கவில்லை. 'விலையேற்ற எதிர்ப்பு இயக்கம்' என்ற பெயரில் ஒன்றுகூடித் தாங்களே கன்னாட் பிளேஸில் ஒரு காபிக் கடையை நடத்தினார்கள். காபியின்மீது பற்றில்லாதவர் இவ்வளவு தொல்லைப்படுவாரா? விலை ஏறினால் வேறெதையாவது குடித்துவிட்டுப் போயிருப்பார்.

வேதியியல் என்ன சொல்கிறது?

"நேற்றைய காபி மாதிரி இல்லையே" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, அது நாக்கின் மயக்கமா, உண்மையா என்ற ஐயம் எழும். வேதியியல் மாணவன் என்ற முறையில் இதையும் சிறிது நோக்குவோம்.

காபிக் கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் மணப் பொருள்களுள் பல எளிதில் ஆவியாகக் கூடியவை. அரைத்த தூள் காற்றுப்படத் திறந்திருந்தால் மணம் நாளுக்கு நாள் குறையும். ஃபில்டரில் முதலில் இறங்கும் டிகாக்‌ஷனில் கரைபொருள் மிகுதி. அதே தூளின்மேல் மீண்டும் வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனில் எஞ்சியதே வரும். பாலில் தண்ணீர் சேர்ந்தால் அதன் ஒப்படர்த்தி குறையும். லாக்டோமீட்டர் இதைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது சிக்கரி. இது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் காபித்தூளுடன் கலப்பார்கள். இதில் கஃபீன் கிடையாது. ஆனால் கரைபொருள் காபியைவிட மிகுதியாதலால் டிகாக்‌ஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். வீட்டுக்கு வாங்கும் தூளில் இதைப் படித்துப் பார்க்கலாம். தம்ளரில் வரும் காபியில் எதைப் படிப்பது? நிறத்தைக் கண்டு 'ஸ்ட்ராங்' என்று நம்புகிறோம். கஃபீன் குறைந்ததை உடல்தான் பிறகு சொல்கிறது.

உடல் சொல்வதும் உண்மையே. நாள்தோறும் காபி குடிப்பவர் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் முதலியன தோன்றக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலால் கடைக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் நாள்தோறும் வருவது முழுவதும் கடையின்மேல் உள்ள அன்பால் அன்று. அதில் ஒரு பங்கு கஃபீனுக்குரியது. அடுத்த கடையிலும் அது கிடைக்கும்.

வெளியேற்றமும் குரலும்

இவ்விடத்தில் நம் கல்லூரிப் பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்ன நூல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் எழுதியது அது. அதன் தலைப்பைத் தமிழில் 'வெளியேற்றம், குரல், பற்று' எனலாம்.

ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது, அதனோடு தொடர்புடையவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, விலகிப் போய்விடுவது. மற்றொன்று, இருந்துகொண்டே குறையை எடுத்துச் சொல்வது. முன்னதை வெளியேற்றம் என்றும் பின்னதைக் குரல் என்றும் அவர் அழைக்கிறார். பற்று என்பது வெளியேற்றத்தைத் தள்ளிப்போடச் செய்து, குரலுக்கு நேரம் தருகிறது.

நைஜீரிய நாட்டு இரயில்வேயைக் கண்டதிலிருந்தே இக்கருத்து அவருக்கு உருவானது. அங்கே சரக்கு லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் இரயில்வே திருந்தும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். திருந்தவில்லை. உரக்கக் குறை சொல்லக் கூடியவர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். சொல்வதற்கு ஆளில்லாத இரயில்வே, இருந்தபடியே இருந்தது.

கல்கத்தாப் பேராசிரியர்களின் விண்ணப்பம் குரலுக்கு எடுத்துக்காட்டு. தில்லிக் காபிப் பிரியர்கள் செய்தது வெளியேற்றமும் குரலும் கலந்த ஒன்று. என் தந்தையார் கடையில் சத்தம் போட்ட பெரியவர் எழுப்பியதும் குரலே. ஹிர்ஷ்மன் நூலை அப்பா கண்டதில்லை. ஆயினும் கல்லாப்பெட்டி அருகே நின்று அவர் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்!

இக்காலக் கடைகள்

இன்று பற்றை எண்ணிக்கையில் அளக்கும் முறை வந்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், டாடா குழுமத்துடன் கூட்டாக 2012இல் மும்பையில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. இந்நிறுவனம் வாங்குவோருக்கு 'நட்சத்திரம்' என்ற பெயரில் புள்ளிகள் தருகிறது. அமெரிக்காவில் ஒரு சூடான காபியை இலவசமாகப் பெற 50 நட்சத்திரங்கள் போதும் என்றிருந்ததை, 2023 பிப்ரவரியில் 100 ஆக உயர்த்தினார்கள். நெடுநாள் வாடிக்கையாளர்களே மிகுதியாக மனம் வருந்தினர். எப்போதோ ஒருமுறை வருபவருக்கு அம்மாற்றம் தெரிந்தேயிராது.

நம் நாட்டுக் கஃபே காபி டே, 1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் தொடங்கி, 2019 அளவில் 1,700க்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகியது. அதன் நிறுவனர் சித்தார்த்தா அவர்கள் 2019 ஜூலையில் மறைந்த பின், கடன் சுமையால் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன. அங்கே வாடிக்கையாளரின் பற்றுக்குக் குறைவில்லை. கடனுக்கு முன்னால் பற்று மட்டும் போதவில்லை.

நம் பக்கத்து நெடுஞ்சாலைகளிலோ வேறொரு காட்சி. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் சாலை நெடுகிலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகைகளைக் காண்கிறோம். பித்தளை டவரா, பித்தளை தம்ளர். பார்த்தால் ஒரே நிறுவனத்தின் கிளைகள்போல் தோன்றும். உண்மையில் வெவ்வேறு ஆள்கள் நடத்தும் தனித்தனிக் கடைகள் அவை. ஒன்றில் நல்ல காபி கிடைத்தால் அதே பெயரை நம்பி அடுத்த முறை வேறொன்றில் இறங்குகிறோம். அங்கே காபி நன்றாக இல்லாவிட்டால் யாரிடம் சொல்வது? பெயருக்குப் பற்று உண்டு. குறையைக் கேட்கச் சொந்தக்காரர் இல்லை. பயணியும் அவ்வழி மறுபடி எப்போது வருவாரோ!

நான் செய்த தவறு

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கடலூரில் ஒரு காபிக் கடை இருந்தது. பல ஊர்களில் கிளையுள்ள நிறுவனம். பெயர் இங்கே வேண்டியதில்லை. என் பெரியப்பா மகன் அங்கே சப்ளையராக இருந்தார். கல்லூரியில் சேர்ந்த புதிதில், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நண்பர்களோடு அங்கே போவேன். ஆவி பறக்கும் அந்த முதல் காபியின் மணம் இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தக் கடையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காபி குடிப்பது எனக்குப் படிப்பின் ஒரு பகுதி போலவே இருந்தது.

சில மாதங்களில் காபி மாறிற்று. நிறம் இருந்தது, மணம் இல்லை. தம்ளர் சிறிதாயிற்று, விலை பெரிதாயிற்று. நண்பர்கள் எல்லாரும் உணர்ந்தோம். வெளியே வந்து எங்களுக்குள் திட்டினோம். உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிறகு போவதையே நிறுத்திவிட்டோம். அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, "ஏன்டா தம்பி, இப்பல்லாம் கடைப்பக்கம் காணோம்?" என்று கேட்டார். "படிக்கிற வேலை அதிகம்ணே" என்று பொய் சொன்னேன்.

ஓராண்டுக்குள் அந்தக் கிளை மூடப்பட்டது. அண்ணன் உட்பட அங்கே வேலை செய்தவர்கள் அனைவரும் நின்றுபோனார்கள். அவர் இப்போது சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மூடிய பிறகே அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். தூளின் தரம் குறைந்ததை அங்கிருந்த மாஸ்டர் முதலிலேயே மேலாளரிடம் சொன்னாராம். "கஸ்டமர் யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலையே, உனக்கென்ன?" என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நாங்கள் நான்கு பேர் குறையைச் சொல்லியிருந்தால் கடை பிழைத்திருக்கும் என்று நான் கூறவில்லை. அப்படி ஒரு கணக்கைப் போட எனக்கு வழியில்லை. ஆனால் மாஸ்டரின் சொல்லுக்கு வாடிக்கையாளரின் சொல் துணையாக இருந்திருக்கும். எங்கள் மௌனத்தை மேலாளர் மனநிறைவு என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் பேசவில்லை? பணிவு என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையன்று. "நாம் யார் குறை சொல்ல? நம்மைப் பார்த்து, 'நீ குடிக்கிற மூஞ்சியா' என்று நினைத்துவிட்டால்?" என்ற கூச்சமே காரணம். வாசலில் நின்று குடித்த தாத்தாவின் பேரன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் நாக்கு மட்டும் இன்னும் வாசலிலேயே நின்றிருக்கிறது. நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் இருப்பதால் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். பேருந்திலும் அலுவலகத்திலும் விடுதியிலும் நாம் இப்படித்தான் வாய்மூடி வருகிறோம் அன்றோ?

கூட்டுறவு கற்பிப்பது

இந்தியன் காபி ஹவுஸ் குறையற்றது என்பது என் கருத்தன்று. தொழிலாளரே உரிமையாளர் என்பதால் வேலை சுணங்கும் என்பாரும் உளர். சில இடங்களில் நட்டமும் நேர்ந்துள்ளது. ஆயினும் அதன் அமைப்பில் ஒரு நன்மை உண்டு. வாடிக்கையாளர் காபி சரியில்லை என்று சொல்வது சப்ளையரிடம். அந்தச் சப்ளையரே சங்கத்தின் உறுப்பினர். சங்கத் தேர்தலில் வாக்குரிமையும் அவருக்கு உண்டு. குறை கேட்ட காதும், அதைத் தீர்க்கக் கையெழுத்திடும் உரிமையும் ஒரே இடத்தில் இருக்க வழியுண்டு. கேட்டதை எடுத்துச் சொல்ல அவர் முன்வராவிட்டால் அது வேறு செய்தி. பெரிய தனியார் நிறுவனத்திலோ, குறையைக் கேட்பவர் ஓரிடம். தூளை வாங்குபவர் வேறிடம். இடையில் ஒரு மேலாளர் நின்றால் குரல் அங்கேயே நின்றுவிடும்.

என் தந்தையார் கடையில் இந்த இடைவெளியே இல்லை. காபி போடுவதும் அவர், கல்லாவில் இருப்பதும் அவர், திட்டு வாங்குவதும் அவர்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பற்றுள்ள வாடிக்கையாளரே மிகுதியாக மனக்குறைப்படுகிறார். ஏனெனில் அவருக்கு நேற்றைய காபி நினைவிருக்கிறது. அவர் குறையைச் சொல்லும்வரை கடை அவருடையது. சொல்லாமல் போனால், கடையும் இழக்கிறது; அவரும் இழக்கிறார்; இருவருக்கும் இடையில் தம்ளர் ஏந்தி நிற்கும் தொழிலாளி எல்லாரையும்விட மிகுதியாக இழக்கிறார்.

ஆகவே கடை நடத்துவோர், குறையில்லை என்பதை நற்செய்தியாகக் கொள்ளாமல், பாதி குடித்து வைத்த தம்ளர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளராகிய நாமோ, வெளியே வந்து திட்டுவதை விட்டு, உள்ளேயே மரியாதையாகச் சொல்லப் பழக வேண்டும். பரிமாறுபவரை வைவது குரலன்று. அவர் தூள் வாங்குபவர் அல்லர். "காபி இன்று சரியில்லை, உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி போதும்.

சென்ற வாரம் இதே ஊரில் வேறொரு கடையில் அந்த ஒரு வரியைச் சொன்னேன். காது சூடாயிற்று, குரல் சிறிது நடுங்கிற்று. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "பால் மாத்திட்டோம் தம்பி, நாளைக்கு வந்து பாரு" என்றார்.

மறுநாள் போனேன்.